உங்களுக்குத் தெரியுமா? சுறாவுக்கு மந்திரம், கப்பலுக்குப் பாலிசி

இந்த வாரம் இன்சூரன்ஸ். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், பாலிசி பிடிக்க வரவில்லை. 'காப்பீடும் இடர் மேலாண்மையும்' என்று பல்கலைக்கழகங்களில் ஒரு படிப்பு இருக்கிறது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் உதாரணமெல்லாம் லண்டன், நியூயார்க். கொற்கையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை உள்ள கரையிலேயே முழுப் பாடத்திட்டமும் கிடக்கிறது என்பது நம் கட்சி.

✦

முத்துக்குளிப்பில் சுறா பயத்துக்கென்று தனியாக ஒரு செலவுக் கணக்கு இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்கோ போலோ அதைக் குறித்து வைத்திருக்கிறார். ஏப்ரலில் தொடங்கி மே நடுப்பகுதி வரை சீசன். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டுபவருக்கு. கணக்குப் போட்டால் 5 சதவீதம். இன்று ஒரு கன்டெய்னர் சரக்குக்குக் கடல் இன்சூரன்ஸ் எடுத்தால், பிரீமியம் பொதுவாகச் சரக்கு மதிப்பில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. அந்த வகையில் மந்திரம் கொஞ்சம் விலை கூடுதல்தான்.

அதைவிடச் சுவாரசியம் பாலிசியின் நிபந்தனை. கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் சுறா தன் இஷ்டத்துக்குத் திரியலாம். ஏன்? இருட்டில் திருட்டுத்தனமாக முத்தெடுக்கப் போகிறவனுக்குக் காப்பு கிடையாது என்பதற்காகத்தான் என்கிறது போலோ நூலின் ஒரு பதிப்பு. 'கடல்கட்டி' என்று கரையில் அழைக்கப்பட்ட இவரிடம் ஒரே ஒரு குறை: ஆள் போனால் குடும்பத்துக்குப் பணம் தரமாட்டார். பிரீமியம் உண்டு, கிளைம் இல்லை.

✦

கடல்கட்டி வேலை பரம்பரைப் பதவி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பார்த்தபோது அந்தக் குடும்பத்தின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர்! குளிக்கிறவர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் உண்டு; மந்திரம் யார் சொன்னால் என்ன என்று ஒருவரும் கவலைப்படவில்லை. அவர் வராமல் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள், இறங்காவிட்டால் சர்க்காருக்கு வருமானம் இல்லை. ஆகவே நம்பிக்கை இல்லாத வெள்ளைக்கார அதிகாரியும் அவரை வைத்துக்கொண்டார். இடரைக் குறைப்பது வேறு, இடர் பயத்தைக் குறைப்பது வேறு என்று முதலாண்டிலேயே சொல்லித்தருவார்கள். பயத்தைக் குறைப்பதற்கும் சந்தையில் விலை உண்டு.

✦

குளிப்பவர் காலைக் கல்லில் வைத்து இறங்குவார். கயிறு மேலே, தோணியில் நிற்பவர் கையில். உள்ளே இருப்பவர் இழுத்துச் சைகை காட்டினால் உடனே தூக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? மச்சானிடம் கொடு என்கிறது கடற்கரை வழக்கு. குளிப்பவர் செத்தால் தாலியறுக்கப்போவது கயிறு பிடித்தவரின் கூடப்பிறந்தவள். காப்பீட்டுச் சட்டத்தில் 'காப்புறுதி நலன்' என்று ஓர் அத்தியாயம் வரும்: எதற்கு நீ பாலிசி எடுக்கிறாயோ, அது அழிந்தால் உனக்கு நட்டம் வர வேண்டும், இல்லையென்றால் அது வெறும் சூதாட்டம். இங்கிலாந்தில் முகம் தெரியாதவர்களின் உயிர்மேல் பந்தயம் கட்டிப் பாலிசி எடுத்ததால்தான் 1774இல் இதற்கென்று சட்டம் போட்டார்கள். நம் கரையில் பெண் எடுத்த வீட்டு உறவிலேயே வேலை முடிந்துவிட்டது.

✦

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. சேரர் துறைமுகமான முசிறிக்குப் போய்வரும் வணிகத்துக்காக வாங்கிய கடனின் ஒப்பந்தம் அது. பின்பக்கத்தில் 'ஹெர்மாபோலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைப் பக்கத்து வாசனைப் பொருள், யானைத் தந்தம் இன்ன பிற. வரி போக மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ்! அந்தக் காலக் கடல் கடனின் பொது விதி, கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கியது என்பது. கடன் கொடுத்தவரே காப்பீட்டாளர். வட்டி ஏறிக் கிடந்ததற்குக் காரணம் அதற்குள் பிரீமியமும் ஒளிந்திருந்ததுதான்.

அதே கிரேக்க உலகின் கடல் வழிகாட்டியான 'பெரிப்ளுஸ்' கொற்கை முத்துக்குளிப்பைச் சொல்லும்போது, தண்டனைக் கைதிகளை வைத்து அது நடந்தது என்கிறது. சரக்குக்குக் கவனமான ஒப்பந்தம்; ஆழத்தில் இறங்கியவனுக்கு ஒன்றுமில்லை.

✦

1906ஐ அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 16இல் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதே ஆண்டு, அதே சுதேசிக் காற்றில், சென்னையில் யுனைடெட் இந்தியா, கல்கத்தாவில் நேஷனல், நேஷனல் இந்தியன், லாகூரில் கோஆப்பரேட்டிவ் என்று வரிசையாக இந்தியர்களின் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிறந்தன. சுதேசி என்றால் கதரும் கப்பலும் மட்டும் நம் நினைவுக்கு வரும். பாலிசியும் சுதேசிதான்! வெள்ளைக்காரக் கம்பெனியில் கட்டும் பிரீமியமும் கடல் தாண்டிப் போகிற பணம்தானே என்று கணக்குப் போட்டவர்கள் அன்றைக்கு இருந்தார்கள்.

இன்னும் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 21இல் பிரிட்டனில் கடல் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. இருநூறு ஆண்டு வழக்குத் தீர்ப்புகளைச் சாறு பிழிந்து எழுதிய சட்டம். இந்தியாவின் 1963 கடல் காப்பீட்டுச் சட்டம் பெரும்பாலும் அதன் வழியிலேயே போகிறது. இன்று தூத்துக்குடியில் ஒரு மூட்டை நனைந்து தகராறு வந்தால் வக்கீல் புரட்டுவது அந்தச் சட்டத்தைத்தான். 1906இல் மன்னார் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் நடந்த முத்துக் குத்தகை ஒன்றும் உண்டு. அதற்குச் சற்றுப் பொறுங்கள்.

(போகிற போக்கில்: அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா குழுமத்துக்காகத் திட்டமிட்டது. அவர் 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார். 1956இல் 245 நிறுவனங்கள் ஒன்றாகி எல்.ஐ.சி. ஆனது. 1959இல் கட்டடம் திறந்தபோது பெயர்ப்பலகை மாறியிருந்தது.)

✦

சுதேசிக் கப்பல்களான காலியாவும் லாவோவும் புயலில் சிக்கியிருந்தால் இன்சூரன்ஸ் காப்பாற்றியிருக்கலாம். அவை சிக்கியது கட்டணப் போட்டியில். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. எதிராளி, இலவசமாக வா, குடையும் தருகிறேன் என்றான். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, 1911இல் கம்பெனி கலைந்தது.

பாடப்புத்தகம் இடரை இரண்டாகப் பிரிக்கும். தீ, புயல், மரணம்: நட்டம் வரும் அல்லது வராது, லாபம் என்ற பேச்சே இல்லை. இது தூய இடர், காப்பீடு கிடைக்கும். வியாபாரப் போட்டி, விலை ஏற்ற இறக்கம்: லாபமும் வரலாம், நட்டமும் வரலாம். இது ஊக இடர், பொதுவாகப் பாலிசி கிடைக்காது. இலவசக் குடைக்கு எதிராகக் காப்பீடு கிடையாது. அரசாங்கமே எதிரியின் பக்கம் நின்றால் அதற்கும் கிடையாது.

✦

இப்போது அந்தக் குத்தகை. முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். அது எப்போது விளையும் என்று யாருக்கும் தெரியாது. சில காலம் தொடர்ந்து விளையும். பிறகு பல ஆண்டுகள் வெறும் மணல். அதனால் குளிப்புக்கு முன் அதிகாரிகள் பாருக்குப் போய்ச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வல்லுநரிடம் கொடுத்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று மதிப்புப் போடுவார்கள். அந்த எண் தேறினால்தான் குளிப்புக்கு அறிவிப்பு. புள்ளியியல் துறையில் இதற்குப் பெயர் மாதிரிக் கணக்கெடுப்பு; கடற்கரையில் இது சாதாரண வேலை.

1905இல் இலங்கைப் பக்கம் வரலாறு காணாத விளைச்சல். சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். மறு ஆண்டே லண்டன் பணக்காரர்கள் 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' என்று தொடங்கி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் கைவிட்டன. சில ஆண்டுகளில் கம்பெனி திவால். கடைசியாக வந்த நல்ல ஆண்டைப் பார்த்து அடுத்த 20 ஆண்டுக்கு விலை போடுவதைவிட மோசமான இடர் மேலாண்மை இருக்க முடியாது. இதில் பிரிட்டிஷ் சர்க்கார்தான் கெட்டிக்காரத்தனமாகத் தன் தலையிலிருந்த இடரை அடுத்தவர் தலைக்கு மாற்றிவிட்டது.

தூத்துக்குடிப் பக்கம் கடைசிக் குளிப்பு 1961இல். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவு வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது.

✦

முத்து தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள். ஓட்டை பெரிதாக இருப்பது 20ஆம் நம்பர். அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியாக 1000. பாலிசி கேட்டு வருகிற ஆளை வயது, உடம்பு, தொழில் என்று சலித்துப் பிரீமியம் சொல்கிற 'அண்டர்ரைட்டர்' செய்வதும் இதே சல்லடை வேலை.

✦

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி போகிறது என்று வையுங்கள். தோணியும் சரக்கும் சேர்ந்து ஒரு கோடி ரூபாய். நடுக்கடலில் பேய்க்காற்று. தோணித் தலைவரான தண்டல் வேறு வழியில்லாமல் 10 லட்சம் ரூபாய் வெங்காயத்தைக் கடலில் தள்ளச் சொல்கிறார். தோணி தப்பித்துக் கரை சேர்கிறது. நட்டம் யாருக்கு? வெங்காயக்காரருக்கு என்று தோன்றும். இல்லை. எல்லோரையும் காப்பாற்றக் கொடுத்த பலி என்பதால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்: தோணி முதலாளி, சிமென்ட் அனுப்பியவர், வெங்காயக்காரர் உள்பட அவரவர் மதிப்பில் 10 சதவீதம். வெங்காயக்காரருக்கு 9 லட்சம் திரும்பி வரும்.

இதுதான் 'ஜெனரல் ஆவரேஜ்'. ரோட்ஸ் தீவின் கடல் சட்டத்திலிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்டது. இன்சூரன்ஸ் என்ற தொழில் பிறப்பதற்கு முன்பே இருந்தது. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' குறுக்கே நின்றதே, அதன் முதலாளியும் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். மீட்புச் செலவில் பங்கு தருகிறேன் என்று உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கே கன்டெய்னர். சரக்குக்குப் பாலிசி எடுத்திருந்தால் அந்தக் காகிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும். எடுக்காதவர் கைப்பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

✦

கொழும்புக்கு வெளியே 2021 மே 20இல் தீப்பிடித்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலில் 1,486 கன்டெய்னர்கள். ஒரு கன்டெய்னரில் நைட்ரிக் அமிலம் கசிகிறது என்று முன்பே தெரிந்து, கத்தாரின் ஹமத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் இறக்கக் கேட்டு, இரண்டிலும் முடியவில்லை. ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் குருணை இலங்கையின் மேற்குக் கரையை மூடியது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. இதற்கு இரண்டு மாதம் முன்னால், 2025 மே 25இல், கொச்சிக்கு அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கி, அதன் குருணை கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது.

இப்படிப்பட்ட பொறுப்புக்குச் சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனி முன்னால் நிற்பதில்லை. கப்பல் முதலாளிகளே கூடி நடத்தும் பி அண்ட் ஐ (பாதுகாப்பு–ஈட்டுறுதி) கிளப்கள் நிற்கின்றன. லாப நோக்கமில்லாத கூட்டு. ஒருவருக்குப் பெரிய அடி விழுந்தால் மற்றவர்களும் கூடுதலாகப் போட வேண்டும். தூத்துக்குடிக்குப் புரியாத ஏற்பாடு இல்லை இது. நாடார் வணிகர்கள் மகமை என்று சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த பொதுப்பணம் அவர்களின் வணிகப் பேட்டைகளைக் காத்தது, பள்ளி நடத்தியது. அதே சமூகம் 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

✦

தீப்பெட்டி உலகக் கப்பல் விதிகளில் ஆபத்தான சரக்கு, வகுப்பு 4.1 (எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்). கோவில்பட்டிப் பக்கத்துக் குடிசைத் தொழில் சரக்கும் கப்பலேறும்போது அந்த லேபிளோடுதான் ஏற வேண்டும்.

✦

சர்வேயர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் படிப்பின்மேல் ஆசை வரும். காலி கன்டெய்னருக்குள் போய் நின்றுகொண்டு, கதவை வெளியிலிருந்து மூடச் சொல்வார். உள்ளே கும்மிருட்டு. கண் பழகியதும் கூரையிலும் மூலையிலும் ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று தேடுவார். வெளிச்சம் வரும் வழியில் தண்ணீரும் வரும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கதவைத் தட்டுவார்.

அடுத்தது கறை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கச்சா முந்திரிச் சாக்கில் பழுப்புத் திட்டு. மழைத்தண்ணீரா, கடல்தண்ணீரா? பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் இரண்டு சொட்டு விடுவார். பால் மாதிரி வெளுத்தால் உப்பு இருக்கிறது: கடலில் நடந்த சேதம் என்று பேச்சு தொடங்கும். வெளுக்காவிட்டால் மழை, அல்லது கன்டெய்னருக்குள்ளேயே வியர்த்துச் சொட்டிய ஈரம். இந்த இரண்டு சொட்டில் கிளைம் எந்தத் திசையில் போகும் என்பது பாதி முடிவாகிவிடும். தூத்துக்குடியில் இதில் ஒரு சிக்கல், உப்பளக் காற்று படிந்த எதுவும் கொஞ்சம் வெளுத்துக் காட்டும். ஆகவே கறை படாத இடத்திலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட வேண்டும்.

✦

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டுக்குப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். இப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு முழுக் காப்பீட்டுப் பாலிசி இருந்தாலும், தண்ணீர் வடிவதற்குள் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினால் கதை மாறும். என்ஜினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளையும். "சேதத்துக்குக் காரணம் வெள்ளமில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்தது" என்று கம்பெனி சொல்லும். 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் தப்பிக்கலாம்.

உண்மைக் காரணம் எது என்பது இந்தப் படிப்பிலேயே கடினமான அத்தியாயம். 1915இல் 'இகாரியா' என்ற கப்பல் டார்பிடோ அடி வாங்கித் துறைமுகம் வரை வந்துவிட்டது. அங்கே புயலில் தரை தட்டித் தட்டி மூழ்கியது. கொன்றது டார்பிடோவா, புயலா? போர்ச் சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை. 1918இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை டார்பிடோ என்றது, கிளைம் இல்லை.

✦

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு: மரணத்துக்கு 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியம் முழுவதும் அரசுகள் கட்டுகின்றன, மீனவர் கையிலிருந்து ஒரு பைசா இல்லை. கடலுக்குப் போகும் வீட்டில் யாருக்காவது இது தெரியாமல் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

✦

எங்கே படிப்பது? இன்சூரன்ஸை முதன்முதலில் பல்கலைக்கழகப் பாடமாக ஒழுங்குபடுத்திச் சொல்லிக்கொடுத்தவர் சாலமன் ஹியூப்னர், பென்சில்வேனியா, 1904. நம் பக்கம்: காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் வங்கியியல்–காப்பீட்டு எம்.பி.ஏ.; சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆக்சுவரி அறிவியல் (இடரைக் கணக்குப் போட்டு விலை சொல்லும் துறை); கப்பல் பக்கம் போக விரும்பினால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். வெளியே ஐதராபாத்தில் காப்பீடு–இடர் மேலாண்மை நிறுவனமான ஐ.ஐ.ஆர்.எம்., புனேயில் தேசியக் காப்பீட்டு அகாதமி. மும்பையில் 1955இல் தொடங்கிய இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ தேர்வுகளை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். கணக்கில் புலி என்றால் ஆக்சுவரி தேர்வுகள். முழுத் தகுதி பெற்றவர்கள் இந்தியாவில் சில நூறுகளில்தான், முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால்.

✦

கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு 'பாலிசிதாரர் திருப்தி ஓர் ஆய்வு' என்று நூறு படிவம் நிரப்பி பைண்டிங் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தலைப்பு இலவசமாக: மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, அந்த மாதங்களுக்கு ஈடாகத் தமிழக அரசு தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தருகிறது. மழை முன்கூட்டி வந்தால், அல்லது 2023 மாதிரி கொட்டினால், இழப்பு அதைவிட எவ்வளவு கூடும்? சேதத்தைப் பார்க்க யாரும் வராமல், மழைமானியில் இத்தனை மில்லிமீட்டர் தாண்டினாலே பணம் வங்கிக் கணக்கில் ஏறும் பாலிசி உலகில் பல இடங்களில் வந்துவிட்டது. குஜராத்தில் சுயதொழில் பெண்கள் சங்கமான சேவாவின் உறுப்பினர்களுக்கு வெயில் அளவை வைத்து இப்படிப் பணம் கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத்துக்கு அந்த மில்லிமீட்டர் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, யார் கட்டுவது? முள்ளக்காட்டுக்கோ வேப்பலோடைக்கோ பஸ் ஏறி, அளத்தில் வாருபவர்களிடம் ஒரு மாதக் கூலிக் கணக்கைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம். மழைக் கணக்கு வானிலைத் துறையில் கிடைக்கும்.